பதினொரு ஞாயிறுகள்

கப்பலுக்கு நேரமாயிற்று என்று
அவசரமாய் நட்டாய், தர்மோ.
அக்டோபர் மழை
குழியில் பாதியை ஏற்கெனவே பிடித்திருந்தது.
ஒரு கம்பு, ஒரு நைலான் கயிறு,
மூன்று முடிச்சு.
"இனி அசையாது, பார்."
ஆப்பிள் கன்று அசையவில்லை.
நீ தாலினுக்குப் பஸ் ஏறினாய்,
அங்கிருந்து கடல் கடந்து
ஹெல்சிங்கியில்
யாரோ ஒருவரின் வீட்டுக்குக் கூரை போட.

பனி நமக்குச் சிறை,
வயல் எலிக்குப் பந்தல்.
அடியில் தெருத் தெருவாய்ச் சுரங்கம் வெட்டி
இளம் பட்டையைத் தேடி வரும்.
தண்டைச் சுற்றிப் பனியை மிதித்து இறுக்கு,
வழி அடைபடும் என்றார்கள் ஊரில்.
தபால் நிலையம் மூடும்போது ஐந்து மணி,
வெளியே நள்ளிரவு போல் இருட்டு.
இரண்டு வாரம் மிதித்தேன்.
மூன்றாம் வாரம் காய்ச்சல்.
நாலாம் வாரம், உண்மையைச் சொன்னால்,
சோம்பல்.
நீ வாங்கி வைத்த கம்பிவலை
விலைச்சீட்டோடு
கார்க் கொட்டகையில் சுருண்டு கிடந்தது.

மார்ச் கடைசியில் பனி இறங்கியபோது
தண்டில் ஒரு சாண் உயரம்
சுற்றிலும் வெள்ளை.
பல் தடங்கள் வரிசை வரிசையாய்,
யாரோ சின்னச் சீப்பால் வாரியதுபோல்.
லைலாக் புதரைத் தொடவில்லை.
திருட்டுக்கும் ருசி உண்டு.

ஞாயிறு மாலை போன் அடித்தாய்.
"மரம் எப்படி?"
"இருக்கிறது."
பொய்யில்லை.
வேர் இருந்தது. கிளை இருந்தது.
நடுவில் மட்டும்
ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள
எதுவுமில்லாமல் ஒரு சாண்.

பக்கத்துக் கவுண்டர் ரீனு
பார்சல் படிவத்தின் பின்பக்கம் படம் வரைந்தாள்:
காயத்துக்குக் கீழே ஒரு கீறல்,
மேலே ஒரு கீறல்,
இடையே குச்சியைப் பாலமாய்ச் செருகு.
அதே மரத்தின் குச்சி போதும்.
மொட்டு விரிவதற்குள் வெட்டி வை,
தலை எது கால் எது என்று மறந்துவிடாதே,
தலைகீழாய் வைத்தால் ஒட்டாது.

நுனிகளில் சிவப்பு நூல் கட்டி
ஈரச் செய்தித்தாளில் சுற்றி
ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.
ஐந்து வாரம்
ரொட்டிக்குக் கை நீட்டும்போதெல்லாம்
அந்த நான்கு நூலும் என்னைப் பார்த்தன.

மே மாதம், பட்டை நழுவத் தொடங்கிய நாளில்
மண்டியிட்டு உட்கார்ந்தேன்.
குச்சியின் முனைகளை ஆப்புபோல் சீவி
பட்டைக்கு உள்ளே நுழைத்து
கொஞ்சம் வில்லாக வளையவிட்டு
சின்ன ஆணி அடித்து மெழுகு பூசினேன்.
ஒரு ஆணி என் கட்டைவிரலுக்கு.
அன்றும் ஞாயிறு.
"மரம் எப்படி?"
"இருக்கிறது."
"நீ?"
விரலை வாயில் வைத்திருந்தேன்.
பதில் சரியாக வரவில்லை.

பிறகு கவனிப்பு, வேறொன்றுமில்லை.
வாரத்துக்கு இரண்டு வாளித் தண்ணீர்,
அடியில் புல் வராமல் மரச்சீவல்,
தண்டைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி.
பாலக் குச்சிகளில் துளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும்,
அவை கிளையாக ஆசைப்படக்கூடாது.
இரண்டு குச்சி கறுத்துக் காய்ந்தன.
இரண்டில் துளிர் வந்தது.
கிள்ளும்போது கொஞ்சம் வாய்விட்டு அழுதேன்,
தபால்காரிகளுக்கும் அதற்கு நேரமுண்டு.

யான் நாளுக்கு வந்தாய்.
ஏரிக்கரையில் ஊர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தது.
பையை இறக்காமலே மரத்தடிக்குப் போனாய்,
குனிந்தாய்.
"எப்போது?"
"மார்ச்."
"அப்போ அந்தப் பதினொரு ஞாயிறும்?"
"இருக்கிறது என்றுதானே சொன்னேன்."

விரலால் ஒவ்வொரு குச்சியாய்த் தடவினாய்.
"இது?" செத்தது.
"இது?" உயிர்.
பிறகு உன் கை மேலே ஏறி
கயிற்றில் நின்றது.
மூன்று முடிச்சையும் நான் அவிழ்க்கவில்லை.
தெரியாமல் இல்லை,
நீ கட்டியது என்று.
நைலான் பட்டைக்குள் புதைந்திருந்தது.
கத்தியை எடுத்து அறுத்தாய்.
தண்டைச் சுற்றி ஒரு பள்ளம்,
மோதிரத்தைக் கழற்றிய விரல்போல்.
"இது என் வேலை" என்றாய்.
"கீழே இருப்பது என்னுடையது."

ஏரிப்பக்கமிருந்து காற்று வந்தது.
மரம் முதன்முறையாக ஆடியது,
குடித்தவனைப் போல, அசிங்கமாக.
நாம் இருவரும் கை நீட்டினோம்,
இருவரும் பிடிக்கவில்லை.

"முதலில் வலையை மாட்டு" என்றேன்.
கொட்டகைக்குப் போனாய்.
விலைச்சீட்டைக் கிழிக்காமலே
மாட்டினாய்.